மிச்சக் காசுக்குத் துண்டு அச்சடிக்க முன்: திருகோணமலை வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, சீனக்குடா, கின்னியா, மூதூர்ப் பக்கங்களிலும் பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை, தனியார் பஸ் நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

"மாத்தின காசு இல்லை, மிச்சத்துக்கு ரெண்டு ரொபி எடுங்கோ" என்று சொல்லிச் சொல்லி உங்களுக்கும் அலுத்துவிட்டது, கேட்டுக் கேட்டு வாடிக்கைக்காரருக்கும் அலுத்துவிட்டது. இந்த அலுப்பில்தான் கடைவீதியில் ஒரு பேச்சு அடிபடுகிறது: கடைகள் ஒன்றுசேர்ந்து, மிச்சக் காசுக்குப் பதிலாகக் கொடுக்க, 5 ரூபாவுக்கும் 10 ரூபாவுக்கும் கடுதாசித் துண்டு அச்சடிப்பது, ஒரு கடை கொடுத்த துண்டை எல்லாக் கடையும் பஸ்ஸும் வாங்குவது. கேட்க நல்ல யோசனை. பழைய அவசரக் காசுத்தாள்களைச் சேர்த்து ஆராய்பவர்களும், அச்சு வேலை செய்பவர்களும், கடைக் கணக்கு எழுதுபவர்களுமாகச் சிலர் கூடி இந்த மடலை எழுதுகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொதுத் துண்டு வேண்டாம். ஒரு கடை தன் நிரந்தர வாடிக்கைக்கு மட்டும் கொடுக்கும் துண்டு என்றால், கீழே சொல்லும் ஒழுங்குகளோடு செய்யலாம். அதற்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது, காசு எங்கே போய்க் கிடக்கிறது என்று பார்ப்பது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலங்கையில் நாணயம் வெளியிடும் உரிமை மத்திய வங்கிக்கு மட்டுமே. 1949 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தில் இருந்த அந்தத் தனியுரிமை, அதன் இடத்துக்கு வந்த 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டத்திலும் தொடர்கிறது. நாற்பது கடையிலும் பத்துப் பஸ்ஸிலும் கைமாறும் துண்டுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் அது காசு செய்யும் வேலையைத்தான் செய்யும். "கூப்பன்" என்று மேலே அச்சடித்துவிட்டால் தப்பலாம் என்று எண்ணவேண்டாம். மத்திய வங்கியின் பிரதேச அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. மாதிரித் துண்டு ஒன்றையும் இணைத்து எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் கேட்டு வாயால் வந்த அனுமதி, பிரச்சினை வரும் நாளில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இனி, "முந்தி இலங்கையிலேயே சதத்துக்குத் தாள் இருந்ததுதானே" என்று சிலர் சொல்வதைப் பற்றி. இருந்தது. 1942 பெப்ரவரி 1 ஆம் திகதியிட்டு 10, 25, 50 சதத் தாள்களும், யூன் 1 ஆம் திகதியிட்டு 5 சதத் தாளும் வந்தன. யுத்தத்துக்கு உலோகம் போய்க்கொண்டிருந்த காலம். அந்த இரண்டு திகதிகளுக்கும் நடுவில்தான், ஏப்ரல் 9 அன்று, யப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தின்மேல் குண்டு போட்டன. அந்த 5 சதத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் வடிவம் மறக்காது. ஒரு பக்கம் மட்டுமே அச்சு. ஒரு பாதி 2 சதம், மறுபாதி 3 சதம், நடுவில் முத்திரைத் தாளில் இருப்பதுபோல் கிழிப்பதற்கான கோடு. முழுசாகக் கொடுத்தால் 5, கிழித்தால் 2 உம் 3 உம். ஒரே தாளில் மூன்று பெறுமதி! சில்லறை அச்சடிக்கும் செலவைக் குறைக்க இதைவிடக் கெட்டியான யோசனையை நாங்கள் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் அந்தத் தாளை வெளியிட்டது அரசாங்கம். அதற்குப் பின்னால் இருந்தது வரி வாங்கும் கை. கூடவே மாற்று வேலையும் நடந்துகொண்டிருந்தது: நிக்கல் கலந்த பித்தளையில் 1942 இல் 5 சதக் காசும், 1943 இல் 25, 50 சதக் காசுகளும், 1944 இல் 2, 10 சதக் காசுகளும் வார்க்கப்பட்டன. அந்தத் தாள்கள் காசு வரும்வரைக்குமான பாலம். நீங்கள் அச்சடிக்கப் போகும் துண்டுக்கு மறுகரை எங்கே? புதிதாகக் காசு வார்ப்பது உங்கள் கையில் இல்லை. (திருகோணமலைக்குத் தனிக் காசும் ஒருகாலத்தில் இருந்தது. ஒல்லாந்தக் கொம்பனியின் செப்புக் காசில் 'டி' என்ற எழுத்து நமது ஊரைக் குறித்தது. அதைச் சொல்லி இப்போது யாரும் அனுமதி கேட்கமுடியாது.)

உங்கள் நிலைமைக்கு மிகக் கிட்டிய உதாரணம் இத்தாலிதான். 1970களின் நடுவில் அங்கே 50, 100 லீராக் காசுகள் அருகிப்போயின. கடைக்காரர் மிட்டாய் கொடுத்தார்கள், தொலைபேசி டோக்கனைக் காசாகக் கொடுத்தார்கள். 1975 டிசம்பரில் தூரின் நகர வங்கி ஒன்று குட்டிக் காசோலைகளை வெளியிடத் தொடங்கியது. பிறகு வங்கிக்கு வங்கி தொற்றிக்கொண்டது. சட்டத்தைச் சுற்றிப்போக அவர்கள் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது: காசோலையை ஒரு வணிகர் சங்கத்தின் பெயருக்கு எழுதுவது, முதுகில் அந்தச் சங்கம் கைமாற்றியதற்கான ஒப்பத்தையும் முன்கூட்டியே அச்சடித்துவிடுவது. சட்டப்படி அது காசோலை. நடப்பில் 100 லீராத் தாள். ஏறக்குறைய மூன்று வருடம் ஓடியது. கையில் கசங்கி, நனைந்து, எழுத்து அழிந்து, மாற்றிக்கொள்ள யாரும் கொண்டுபோகாத தாள்களின் பெறுமதி அத்தனையும் வெளியிட்டவர்களுக்கே இலாபமாக நின்றது. சேகரிப்பாளர்கள் அடுக்கி வைத்துக்கொண்டவையும் அப்படியே.

ஜேர்மனியில் முதலாம் யுத்தத்துக்குப் பின் இது தொழிலாகவே மாறியது. சின்னச் சின்ன ஊராட்சிகள் அழகழகான வர்ணத் தாள்களைத் தொடராக அச்சடித்தன, அல்பத்தில் ஒட்டுபவர்களுக்கு விற்பதற்கென்றே. சிலவற்றில் காலாவதித் திகதி, தாள் கைக்கு வரமுன்னமே கடந்துவிட்டிருக்கும். 1922 யூலையில் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். பிரான்சின் வணிகச் சபைகள் மட்டும் வேறு மாதிரி. 50 சந்தீம், 1 பிராங்க், 2 பிராங்க் தாள் அச்சடித்தால், அதே தொகையைப் பிரான்ஸ் வங்கியில் வைப்பில் இட்டுவிடவேண்டும். அச்சடித்தவருக்கு அதில் ஒரு சதமும் மிஞ்சாது. ஒழுங்காக நடந்த முறைகளை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் இந்த ஒரு அம்சம் இருக்கும். துண்டு வெளியே போகும்போதே அதற்கான பணம் உங்கள் கையைவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடும்.

பொதுத் துண்டில் இன்னொரு சிக்கல் கணக்கில் இருக்கிறது. நாற்பது கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை நேராகத் தீர்ப்பதென்றால் 780 சோடிக் கணக்கு. அதனால் பொதுமேசை ஒன்று வேண்டும், ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்தில் எல்லாரும் மற்றவர் துண்டுகளைக் கொண்டுவந்து கொட்டி, பிரித்து, எண்ணி, மிச்சத்தைக் காசாக வாங்கவேண்டும். எந்தக் காசாக? இல்லாத அதே சில்லறையாக! பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள கடைகளில் துண்டு குவியும், உவர்மலையில் ஒதுக்குப்புறமாக இருக்கும் கடையிலிருந்து துண்டு போய்க்கொண்டே இருக்கும், திரும்பாது. மூன்றாம் கிழமை ஒரு கடைக்காரர் "எனக்கு இனி வேண்டாம்" என்று சொல்லுவார். அவர் சொன்ன செய்தி பரவிய அன்றைக்கே எல்லாருடைய துண்டும் கடுதாசி ஆகிவிடும்.

அதைவிட மோசமானது, துண்டு வந்தால் காசு இன்னும் ஒளியும். கையில் ஒரு 10 ரூபாக் காசும் ஒரு 10 ரூபாத் துண்டும் இருந்தால் நீங்கள் எதைக் கொடுப்பீர்கள்? துண்டைத்தான். காசு மேசை இலாச்சியிலேயே தங்கும். நாற்பது கடையும் அத்தனை வாடிக்கைக்காரரும் அப்படியே செய்வார்கள். 1862 இல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தத்தின்போது காகிதப் பணம் பெருகியதும் சனம் வெள்ளிக் காசைப் பதுக்கியது, தெருவில் அதைப் பார்ப்பதே அரிதாயிற்று, அதன் இடத்தில் தபால் முத்திரையும் கடைத் துண்டும் சில்லறையாக ஓடின. கடைசியில் அரசாங்கமே தபால் முத்திரைப் படம் போட்ட சின்னத் தாள்களை வெளியிட்டு, 1 டொலருக்குக் குறைந்த தனியார் துண்டுகளைத் தடைசெய்தது.

சரி, காசு எங்கே?

நமது பக்கத்தில் காசு ஒரு திசையில்தான் ஓடுகிறது. கடையிலிருந்து வாடிக்கைக்காரரின் சட்டைப்பைக்கு, அங்கிருந்து பஸ்ஸுக்கோ உண்டியலுக்கோ வீட்டு முட்டிக்கோ. திரும்பி ஓடுவதில்லை. நிலாவெளிப் பஸ்ஸிலோ மூதூர்ப் பஸ்ஸிலோ பின்னேரம் கடைசி ஓட்டம் முடிந்த பிறகு கொண்டக்டரின் தோற்பையைத் தூக்கிப் பாருங்கள். அந்த நிறை அவருக்குத் தொல்லை. கடையில் அது இல்லாததுதான் உங்களுக்குத் தொல்லை. இரண்டு பேரும் ஒரே சந்தியில் நின்று தேத்தண்ணி குடிக்கிறீர்கள்! கோயில், பள்ளிவாசல், தேவாலய உண்டியல்களும் அப்படியே. திருவிழாவுக்குத் திருவிழா, அல்லது மாதத்துக்கு ஒருமுறை திறப்பார்கள். திறந்த அன்று எண்ணி முடிக்க ஆள் போதாது, வங்கிக் கவுண்டரில் அவ்வளவு காசையும் ஒரே நாளில் வாங்கச் சுணங்குவார்கள், மூட்டையாகவே மூலையில் கிடக்கும். 2013 என்று ஆண்டு பொறித்து 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக வெளியிட்ட 10 ரூபாக் காசுகளை ஒதுக்கி வைத்திருப்பவர்கள் எங்களில் உண்டு. அந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அது முட்டியில் ஒரு பிடி, அவ்வளவுதான்.

ஆகவே துண்டு அச்சடிக்கும் காசில் முதலில் ஒரு மாற்றுமேசை போடுங்கள். பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஏதாவது ஒரு கடையின் பின்மேசை போதும். செய்முறை இது.

காசை இனம் பிரிக்கவேண்டும். பெறுமதிக்கு மட்டுமல்ல, வார்ப்புக்கும். பழைய மஞ்சள் 5 ரூபாவும் 2017 இலிருந்து வரும் வெள்ளை 5 ரூபாவும் ஒரே நிறையல்ல. மஞ்சளிலேயே பழைய தடித்த வார்ப்பு வேறு, பிறகு வந்த பூச்சுக் காசு வேறு. இவற்றைக் கலந்து தராசில் போட்டால் 100 காசுக்கு எத்தனை குறைகிறது, எத்தனை கூடுகிறது என்று தெரியாது. எல்லாத் தகராறும் இங்கேதான் தொடங்கும். பிரித்த பிறகு ஒவ்வொரு இனத்திலும் 100 காசைக் கையால் இரண்டு பேர் எண்ணி, மின்தராசில் நிறுத்து, அந்த நிறையைச் சுவரில் எழுதிவையுங்கள். அடுத்த பையிலிருந்து நிறையே போதும். புத்தகத்தில் பார்த்த நிறையை நம்பவேண்டாம், உங்கள் தராசு சொல்வதே உங்களுக்குக் கணக்கு. ஒரு கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். மரக்கறிக் கடைத் தராசு 10 கிராம் படியில் காட்டினால் ஒரு காசு வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

ஒரு பையில் 100 காசு, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். 5 ரூபாப் பை 500, 10 ரூபாப் பை 1,000. தெரிகிற பிளாஸ்டிக் பை, வாயை ஒட்டி, குறுக்கே கட்டியவரின் ஒப்பமும் திகதியும். கடை தாளைக் கொடுத்துப் பையை வாங்கும், கொண்டக்டர் பையைக் கொடுத்துத் தாளை வாங்குவார். தரகு, இனாம் ஒன்றும் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம். "1,000 ரூபாச் சில்லறைக்கு 1,050 தருகிறேன்" என்று ஒரு கடைக்காரர் ஒருமுறை சொன்னால் போதும், அடுத்த கிழமையிலிருந்து எல்லாரும் காசைப் பதுக்கி, விலை ஏறும்வரை காத்திருப்பார்கள்.

உண்டியல் காசு என்றால் இன்னும் ஒரு வேலை உண்டு. மஞ்சள், குங்குமம், எண்ணெய், பால், கடற்காற்றின் உப்பு எல்லாம் சேர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். ஒட்டினால் எண்ணிக்கை பிழைக்கும், அழுக்கு நிறையும் தராசில் ஏறும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, கால் மணித்தியாலம் ஊறவிட்டு, அலசி, சாக்கில் பரப்பி வெயிலில் முழுசாகக் காயவையுங்கள். புளியும் தேசிக்காயும் போட்டுத் தேய்க்கவேண்டாம். பளபளப்பாகத்தான் வரும். ஆனால் மஞ்சள் காசுகளில் பெரும்பகுதி உருக்கின்மேல் பித்தளைப் பூச்சு. பூச்சு போனால் உள்ளே இருப்பது கறள் பிடிக்கும், கறள் பிடித்த காசை அடுத்தவர் வாங்கமாட்டார்.

உண்டியல் பொறுப்பாளர்களோடு பேசும்போது திறக்கும் திகதியை மட்டும் கேளுங்கள். அந்தத் திகதிக்கு எந்தக் கடைக்கு எத்தனை பை வேண்டும் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு, தாளைக் கட்டி வைத்திருங்கள். எண்ணி முடிந்த அன்றே எடுத்தால்தான் அவர்களுக்கும் பாரம் குறையும். ஒரு கிழமை தாமதித்தால் மூட்டை மறுபடி மூலைக்குப் போய்விடும்.

இதெல்லாம் செய்தும் முட்டுகிறதென்றால், தனிக்கடைத் துண்டைப் பற்றிப் பேசுவோம். யாருக்கு அது சரிவரும் என்று முதலில் பாருங்கள். காலையும் பின்னேரமும் வந்து பிளேன்டீ குடிக்கிறவருக்குச் சரி. தினம் பாண் வாங்குகிற வீட்டுக்குச் சரி. மூதூரிலிருந்து மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வந்து, மருந்துக் கடையில் 10 ரூபா மிச்சம் நிற்கிற கிழவிக்கு அந்தத் துண்டு என்னத்துக்கு? அவருக்குக் காசு கொடுங்கள், இல்லாவிட்டால் விலையில் விட்டுக்கொடுங்கள். நிலாவெளிக்கு வந்துபோகும் வெளியூராருக்கும் அப்படியே. பஸ்ஸில் துண்டே வேண்டாம்: ஏறியவர் இறங்கினால் அதே பஸ்ஸை மறுபடி பிடிப்பார் என்று என்ன நிச்சயம்?

பெறுமதி 5 ரூபா மட்டும். இதற்குக் காரணம் அச்சுக்கூடத்தில் இருக்கிறது. ஏ4 தாள் ஒன்றை மூன்றுமுறை மடித்து வெட்டினால் 8 துண்டு வரும், ஒவ்வொன்றும் 105 க்கு 74 மில்லிமீற்றர். அதைவிடச் சின்னதானால் காற்றில் பறக்கும், சட்டைப்பையில் காணாமல் போகும். 5 ரூபாத் துண்டு 8 ஐக் கள்ளமாக அடிப்பவருக்குக் கிடைப்பது 40 ரூபா. கலர் போட்டோக்கொப்பி ஒரு பக்கம் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், அந்த வேலைக்கு ஆள் வரமாட்டார். 20 ரூபாத் துண்டானால் அதே பக்கத்தில் 160 ரூபா. 100 ரூபாத் துண்டு அடித்தீர்களானால் 800. பெறுமதி குறைவாக இருப்பதே உங்களுக்குக் காவல். அதற்குமேல் நீர்க்கோடு, பளபளப்பு நூல் எல்லாம் வீண் செலவு.

தாளின் தடிப்பு சதுர மீற்றருக்கு 100 கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். கொப்பித் தாள் இரண்டாம் மடிப்பில் கிழியும். அச்சு மை நல்லது. வீட்டு இங்க்ஜெட்டில் அடித்தால் மீன் கடையில் ஒரு ஈரக்கை பட்டதும் எழுத்து ஓடிவிடும். லேசரில் அடித்தால் மடிப்புக் கோட்டில் தூள் உதிர்ந்து, சரியாக இலக்கம் இருக்கும் இடம் வெள்ளையாகும். ஆகவே இலக்கத்தை மடிப்பு விழாத மூலையில் போடச் சொல்லுங்கள், நடுவில் வேண்டாம். ஊதா ரப்பர் முத்திரை மையும் தண்ணீரில் கரையும். எண்ணெய் மை கேட்டு வாங்குங்கள். லமினேற் செய்யவும் வேண்டாம், பிறகு அதை ரத்துச் செய்ய ஓட்டை போடுவதைத் தவிர வழி இருக்காது.

இலக்கமிடும் இயந்திரத்தை நம்பி விட்டுவிடாதீர்கள். சக்கரம் இறுகினால் ஒரே இலக்கம் இரண்டு தாளில் விழும், வழுக்கினால் ஒன்றைத் தாண்டும். 400 துண்டு கேட்டால், 001 இலிருந்து 400 வரை நீங்களே புரட்டிப் பார்த்து, பிழைத்தவற்றை அச்சுக்காரர் முன்னாலேயே கிழித்து, எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள். பரிசோதனைக்கு அடித்த தாள்களையும் கேட்டு வாங்குங்கள். குப்பையிலிருந்து துண்டு வந்தால் யாரைக் கேட்பது?

துண்டில் இருக்கவேண்டிய வாசகம் குறைவு. கடையின் பெயர், இடம், "இக்கடையில் மட்டும்", பெறுமதி, இலக்கம், கடைக்காரரின் ஒப்பம். அதோடு, "நான்கு துண்டு சேர்ந்தால் 20 ரூபாத் தாளாக மாற்றித் தரப்படும்" என்ற வரி கட்டாயம். வாடிக்கைக்காரர் துண்டை நம்புவது இந்த வரிக்காகத்தான். உங்களுக்கும் அது இலேசு, ஏனென்றால் 20 ரூபாத் தாளுக்கு அவ்வளவு தட்டுப்பாடு இல்லை. சிங்கமும் அரச இலச்சினையும் எங்கும் வரக்கூடாது. நிறமும் அளவும் வடிவமும் புழக்கத்தில் உள்ள எந்தத் தாளையும் ஞாபகப்படுத்தக்கூடாது. "இலங்கை" என்ற சொல்லே தேவையில்லை.

பணத்தை ஒதுக்குவதில் மழுப்பல் கூடாது. ஒவ்வொரு துண்டு வெளியே போகும்போதும் 5 ரூபா கல்லாவிலிருந்து தனித் தகரத்துக்குப் போகவேண்டும். சில்லறை இல்லாதபடியால் நாள் முடிவில் தாளாகப் போடலாம். இரவில் கடை பூட்ட முன் மூன்று வரி எழுதினால் போதும்: கையில் உள்ள துண்டு, வெளியே உள்ள துண்டு, ரத்துச் செய்த துண்டு. மூன்றையும் கூட்டினால் 400 வரவேண்டும். இதுவரை 130 கொடுத்து, 92 திரும்பியிருந்தால், வெளியே 38. தகரத்தில் 190 ரூபா இருக்கவேண்டும். 150 தான் இருக்கிறதென்றால் யாரோ துண்டைக் கொடுத்துவிட்டுத் தகரத்தில் போட மறந்திருக்கிறார், அல்லது மறக்காமலே போடாமல் விட்டிருக்கிறார். அன்றிரவே தேடினால் பிடிபடும். மாத முடிவில் தேடினால் சண்டைதான்.

திரும்பி வராத துண்டு இலாபமல்ல, கடன். ஆறு மாதத்துக்குப் பிறகு அதைக் கணக்கில் வருமானமாக எழுதிவிடும் பழக்கம் வேண்டாம். காலாவதித் திகதி போடுவதானால் ஒரு வருடத்துக்குக் குறையாமல் போடுங்கள். முறையை நிறுத்த முடிவுசெய்தால், கடைசித் திகதிக்கு இரண்டு மாதம் முன்னால் கடை வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

கல்லாவில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கட்டளை: தட்டில் காசு இருக்கும்வரை துண்டு கிடையாது. இதை நீங்கள் அடிக்கடி பார்க்கவேண்டிவரும். துண்டு கொடுப்பது இலேசு, காசை எண்ணிக் கொடுப்பது கரைச்சல். அதனால் தட்டு நிறையக் காசு இருக்கும்போதே கை துண்டுக்குப் போகும். "எனக்குத் துண்டு வேண்டாம்" என்று வாடிக்கைக்காரர் சொன்னால், அந்த 5 ரூபாவைக் கடைதான் விட்டுக்கொடுக்கவேண்டும், அவரல்ல.

விலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்களே போடும் விலைகள் சில இருக்கின்றன: வடை, ரொட்டி, பிளேன்டீ, சோற்றுப் பார்சல், கிலோக் கணக்கில் விற்கும் மரக்கறி. அவற்றை 10 இன் மடங்கில் வையுங்கள். கூட்டித்தான் வைக்கவேண்டும் என்றில்லை. 45 ரூபாவை 50 ஆக்கினால், பக்கத்தில் 65 ஐ 60 ஆக்குங்கள், சனம் கணக்குப் பார்க்கும். பொதியில் விலை அச்சடித்து வரும் சாமான்களில் இது முடியாது, அதற்குமேல் விற்கவும் கூடாது. கியூஆர் வழியாகக் கொடுக்கக்கூடியவர்களுக்கு அதை முன்னால் வையுங்கள். ஆனால் ஒரு பிளேன்டீக்குப் போனை எடுப்பவர் குறைவு.

மாற்றுமேசைக்கு முன்வரும் கடை ஒன்று கிடைத்தால், முதல் மூன்று பின்னேரமும் எண்ணவும் பை கட்டவும் எங்களில் நாலு பேர் வருகிறோம். தராசும் நாங்களே கொண்டுவருகிறோம். பைகளும் ஒட்டு நாடாவும் உங்கள் செலவு.

இப்படிக்கு,
திருகோணமலையில் நாணயம் சேர்ப்போர், அச்சு வேலை செய்வோர், கணக்கு எழுதுவோர் சிலர்

பி.கு.: ஒரு கடையில் பில் இயந்திரத்தின் சுருள் தாளிலேயே "5 ரூபா மிச்சம்" என்று அடித்துக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டோம். அது சூட்டில் எழுத்து வரும் தாள். சட்டைப்பையில், வெயிலில், எண்ணெய்க் கையில் சில நாளிலேயே மங்கிவிடும். வாடிக்கைக்காரர் வெள்ளைத் தாளை நீட்டுவார், நீங்கள் இல்லை என்பீர்கள். தயவுசெய்து அதை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.